கடற்கரைக்குப் போக பர்மிட்டா?

"காசு கட்டியாச்சு, பர்மிட் போன்ல இருக்கு. அப்புறமும் போகக்கூடாதுன்னா என்னத்தான் அர்த்தம்?"

கேட்டது என் மச்சினன். கேட்ட இடம் ஆஸ்திரேலியாவின் வடக்கு மூலை, நுலுன்பாய் என்கிற சின்ன ஊருக்கு வெளியே ஒரு செம்மண் பாதை. எதிரே ஒரு போர்டு, இந்தப் பகுதி தற்போது மூடப்பட்டிருக்கிறது என்று. வண்டிக்குள் நாங்கள் ஏழு பேர். ஒரு ஐஸ் பெட்டி, அதற்குள் மச்சினன் மகளுடைய பிறந்தநாள் கேக். தங்கமணி காலை அஞ்சு மணிக்கு எழுந்து கிளறின புளியோதரை ஒரு பெரிய டப்பா நிறைய. பிள்ளைகள் ஏற்கெனவே நீச்சல் உடுப்பில் இருந்தார்கள்.

2025 ஜூலையில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு குவாஹாட்டியிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தோம். மச்சினன் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். டார்வினிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தரை வழியாக என்றால் கேத்தரின் பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் ரோடு, மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. பயணக்கட்டுரை எழுதுவதாக இல்லை. அந்த போர்டு முன்னால் ஆரம்பித்த சண்டை இன்னும் ஞாயிற்றுக்கிழமை போன் காலில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பக்க நியாயத்தை இங்கே எழுதி வைத்துவிட்டால் மச்சினனுக்கு லிங்க் அனுப்பிவிடலாம் :-)

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நுலுன்பாய் ஊர் குத்தகை நிலத்தில் இருக்கிறது. ஊருக்குள் நடக்க யாரிடமும் கேட்க வேண்டாம். ஊர் எல்லையைத் தாண்டினால் அது யொல்ங்கு மக்களின் நிலம். ஆதிக்குடிகள் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அவர்களில் அந்தப் பகுதிக்காரர்கள். சுற்றியிருக்கிற கடற்கரைகள், ஆற்று மடுக்கள், கேம்ப் போடும் இடங்கள் எல்லாம் அவர்களுடையவை. அங்கே போக வேண்டுமானால் திமுரு என்கிற அவர்களுடைய அமைப்பிடம் கட்டணம் கட்டி பர்மிட் வாங்க வேண்டும். கேப் ஆர்னெம் மாதிரி சில இடங்களுக்குத் தனி பர்மிட், அதிலும் இத்தனை வண்டிதான் என்று கணக்கு. மற்றபடி ஆர்னெம் லேண்ட் முழுக்க, சுமார் 97,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் முக்கால் பங்கு, இதே கதைதான். ரோட்டில் கடந்து போவதற்கே நார்தர்ன் லேண்ட் கவுன்சில் என்ற அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும்.

பர்மிட் இருந்தும் மூடலாம். அன்றைக்கு மூடியிருந்தது அந்த நிலத்துக்காரக் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்து சடங்கு நடந்துகொண்டிருந்ததால். அறிவிப்பை முன்னாலேயே போட்டிருக்கிறார்கள். மச்சினனுக்கு அந்த வாரம் முழுக்க நைட் டூட்டி, பார்க்கவில்லை.

மச்சினன் வாதம் இதுதான். கடல் யாருக்கும் சொந்தம் இல்லை. மெரினாவில் யாராவது நம்மைப் பர்மிட் கேட்கிறார்களா? இவன் அங்கே வரி கட்டுகிறான், அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே ராப்பகலாக வேலை பார்க்கிறான், அவர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறான். இவ்வளவு செய்தும் ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போக ஒருத்தனிடம் கெஞ்ச வேண்டுமா? தங்கமணியும் தம்பி பக்கம். புளியோதரை வேறு வீணாகப் போகுமே என்ற கவலை.

நான் பி.காம். படித்தவன். சட்டம் படிக்கவில்லை. ஆனால் இருபது வருஷமாக வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். நிலம் என்றால் என் கை முதலில் பத்திரத்தைத் தேடும். மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா, அனுபவத்தில் யார் இருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி மச்சினன் வீட்டில் உட்கார்ந்து இந்த நிலத்தின் பத்திரக் கதையைத் தேடிப் படித்தேன். படித்தபின் அந்த பர்மிட்டை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

1931-ல் ஆர்னெம் லேண்டை ஆதிக்குடிகளுக்கான ஒதுக்கு நிலமாக அரசு அறிவித்தது. 1963-ல் அதே அரசு, பாக்சைட் இருக்கிறது என்று தெரிந்ததும், அதில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்துச் சுரங்கத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்தது. (நம்ம ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டினார்களே, அதே பாக்சைட்.) யிர்கலா என்ற ஊரில் இருந்த யொல்ங்கு மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஒரு மனு எழுதினார்கள். அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்து, தங்கள் குலங்களின் சித்திரங்களை வரைந்த மரப்பட்டையில் ஒட்டி, கான்பெராவில் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இன்றும் அந்த மரப்பட்டை பாராளுமன்றக் கட்டடத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நாம் பத்திரம் பதிவது முத்திரைத் தாளில் என்றால் அவர்கள் பதிவது அந்தச் சித்திரத்தில். எந்தக் குலத்துக்கு எந்த நிலம் என்பது அந்தக் கோடுகளிலேயே இருக்கிறது. அதாவது அவர்கள் மனுவோடு மூலப்பத்திரத்தையும் இணைத்தே அனுப்பியிருக்கிறார்கள்! கமிட்டி போட்டார்கள், கமிட்டியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. சுரங்கம் நிற்கவில்லை.

அப்புறம் கோர்ட். 1971-ல் தீர்ப்பு வந்தது. மிலிர்பும் எதிர் நபால்கோ என்று பெயர். நீதிபதி பிளாக்பர்ன் நேர்மையான மனிதர் என்றே தோன்றுகிறது. இவர்களுக்கென்று ஒழுங்கான ஒரு சட்ட முறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஆங்கிலேயச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். சொத்து என்றால் பொதுவாக மூன்று இருக்க வேண்டும். அனுபவிக்கும் உரிமை, மற்றவர்களை உள்ளே விடாமல் தடுக்கும் உரிமை, விற்கும் உரிமை. விற்பதை இவர்களே கூடாது என்கிறார்கள். மற்றவர்களைத் தடுக்கும் உரிமை இந்தக் குலங்களுக்கு இருந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே இது சொத்து ஆகாது.

இந்த இடத்தில் நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

வந்தவர்களை விரட்டவில்லை, கேட்டவர்களை உள்ளே விட்டார்கள், அதனால் அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை! எங்கள் வங்கியில் இந்த வாதத்தை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா? "சார், இருபது வருஷமா இந்த வழியாத்தான் நாங்க போறோம், அவங்க ஒண்ணும் சொல்லலை, அதனால இது எங்க பாதை."

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் உட்வர்ட் கமிஷன், அதன்மேல் 1976-ல் வடக்குப் பிரதேசத்துக்கான நில உரிமைச் சட்டம். நிலம் ஒரு அறக்கட்டளையின் பேரில். விற்க முடியாது. எங்களை மாதிரி ஆட்களிடம் அடமானமும் வைக்க முடியாது. சொந்தக்காரர்கள் சம்மதித்தால் குத்தகைக்கு விடலாம். அவர்கள் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தால் குற்றம். கவனியுங்கள். 1971-ல் நீதிபதி தேடிக் கிடைக்காத அந்த இரண்டாவது உரிமையை 1976-ல் சட்டமே எழுதிக் கொடுத்தது. விற்கவும் முடியாத, அடமானமும் வைக்க முடியாத ஒரு நிலத்தில், நான் சொந்தக்காரன் என்று ஒருவன் தினசரி வாழ்க்கையில் காட்டுவதற்கு என்ன மிச்சம்? யார் வரலாம், எப்போது வரலாம், எப்போது வரக்கூடாது என்று சொல்வது ஒன்றுதான். அந்தத் துண்டுச் சீட்டுதான் மச்சினன் போனில் இருந்தது. நுழைவுக் கட்டணம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கட்டணம் எங்கே போகிறது என்றும் கேட்டான். நியாயமான கேள்வி. சுரங்கத்தோடு ஊர் வந்தது, ஊரோடு வண்டிகள் வந்தன, மணல் மேடுகளில் ஏறி இறங்கி, கண்ட இடத்தில் கேம்ப் போட்டு, குப்பை போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிலத்துக்காரர்கள் 1992-ல் திமுருவை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய ரேஞ்சர்கள்தான் அந்த இடங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். கடலில் அறுந்து மிதந்து வருகிற மீன் வலைகள் அந்தக் கரையில் வந்து ஒதுங்குகின்றன. அதில் ஆமைகள் சிக்கிச் சாகின்றன. வலையை இழுத்து, ஆமையை அறுத்து விடுவதும் இவர்கள் வேலை. அந்த வலைகள் பெரும்பாலும் வேறு நாட்டுப் படகுகளுடையவை.

"சரித்தான், நிலம் அவங்களுது. கடல்?" என்றான். அதற்கும் பதில் இருக்கிறது. 1996-ல் ப்ளூ மட் பே என்ற இடத்தில், அவர்கள் புனிதமாக நினைக்கிற முதலையின் இடத்தில், திருட்டுத்தனமாக மீன் பிடிக்க வந்த யாரோ போட்ட கேம்ப்பில் வெட்டின முதலைத் தலை ஒன்று கிடந்தது. அடிதடிக்குப் போகவில்லை. திரும்பவும் மரப்பட்டை எடுத்து, கடல் எங்கே யாருடையது என்று வரிசையாகச் சித்திரம் வரைந்தார்கள். பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள். 2008 ஜூலையில் ஹைகோர்ட் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) சொன்னது: அலை ஏறி இறங்குகிற பகுதி வரை அந்த நிலத்தோடு சேர்ந்தது, அரசாங்கம் கொடுக்கிற மீன்பிடி லைசென்ஸ் மட்டும் போதாது, நிலத்துக்காரர் அனுமதியும் வேண்டும். வடக்குப் பிரதேசத்தின் கடற்கரையில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இது பொருந்துகிறது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் என்னை மாதிரி ஊரை விட்டு வந்தவர்கள். உங்களில் எத்தனை பேருக்கு ஊரில் ஒரு மனை இருக்கிறது? நாலு சென்ட்டோ எட்டு சென்ட்டோ. எத்தனை பேர் மாசம் ஒரு தடவையாவது போன் போட்டு, "நம்ம இடத்துல யாரும் கொட்டகை போட்டுடலையே" என்று விசாரிக்கிறீர்கள்?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்களுக்கு அஞ்சு சென்ட் இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. மாசத்துக்கு ரெண்டு நடை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வேலிக்கல்லை எண்ணுவார். பக்கத்து வீட்டுக்காரர் மாடு கட்டினால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் "கேட்டுட்டுக் கட்டுங்க" என்பார். எனக்குச் சின்ன வயதில் எரிச்சலாக இருக்கும். சும்மா கிடக்கிற இடம்தானே, மாடு கட்டினால் என்ன? அப்பா சொல்வார், "கட்டட்டும்ல, வேண்டாங்கல. கேட்டுட்டுக் கட்டணும். கேக்கலைன்னா நாளைக்கு நாமதான் அவன்கிட்ட கேக்கணும்." வங்கியில் சேர்ந்த பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே இந்தக் கதையை மச்சினனிடம் சொன்னேன். அவனுக்கும் சங்கரன்கோவில் பக்கம் ஒரு மனை உண்டு. 'அத்துமீறி நுழைபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று சிவப்பு பெயிண்டில் போர்டு வைத்திருக்கிறான். போன வருஷம் அந்த போர்டின் போட்டோவை நம்ம பேமிலி குரூப்பில் போட்டதே அவன்தான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அது வேற, இது வேற அத்தான்" என்றான்.

வடகிழக்கில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு இந்தப் பேச்சு புதுசு இல்லை. நான் ரெண்டு வருஷம் ஐஸ்வாலில் இருந்தேன். அப்பா பார்க்க வந்தபோது லெங்புய் ஏர்போர்ட் கவுண்ட்டரில் இன்னர் லைன் பர்மிட்டுக்கு வரிசையில் நின்றார். "சொந்த நாட்டுக்குள்ள போறதுக்குப் பாஸாலே?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்மவர்கள் யார் வந்தாலும் இதே கேள்விதான். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் ரெண்டு பர்மிட்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். இன்னர் லைன் 1873-ல் வெள்ளைக்காரன் போட்ட கோடு. மலைக்காரர்கள் மேல் கரிசனம் என்பதைவிடத் தேயிலைத் தோட்டமும் யானைத் தந்த வியாபாரமும் காரணம். பிற்பாடு அங்குள்ள மக்கள் அதையே தங்களுக்குக் கேடயமாக்கிக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் மணிப்பூருக்கும் கேட்டு வாங்கினார்கள். ஆனால் இன்றும் சீட்டுக் கொடுப்பது அரசாங்க ஆபீஸ். எந்தக் கிராமத்து நிலத்தில் நான் கால் வைக்கப் போகிறேனோ அந்தக் கிராமத்துக்கு என் பெயர் தெரியாது. நுலுன்பாயில் மூடும் முடிவை எடுத்தது ஒரு துறை இல்லை. துக்க வீட்டுக்காரர்கள். அவர்கள் வேண்டாம் என்றார்கள், போர்டு வந்தது.

துக்க வீடு என்று சொன்னதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம தெருவில் ஒரு சாவு என்றால் பந்தல் போட்டுத் தெருவையே மறித்துவிடுவோம். பஸ்ஸே சுற்றிப் போகும். அது பொதுத் தெரு. யாராவது "ரோடு டாக்ஸ் கட்டியாச்சு, வழி விடு" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் வலுவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2007-ல் ஜான் ஹோவர்ட் அரசு, அங்குள்ள குழந்தைகள் மேல் நடக்கும் கொடுமைகளைப் பற்றி வந்த ஓர் அறிக்கையை வைத்து, அவசர நடவடிக்கை என்று இறங்கியது. அப்போது பர்மிட் முறைதான் எல்லாவற்றையும் மறைக்கிறது, பத்திரிகைக்காரர்கள் உள்ளே போக முடியவில்லை என்று சொல்லி, பெரிய குடியிருப்புகளின் பொது இடங்களுக்கும் அங்கே போகும் ரோடுகளுக்கும் பர்மிட் தேவையில்லை என்று மாற்றினார்கள். மூடின கதவுக்குப் பின்னால் அநியாயம் நடக்கும் என்பது பொய் இல்லை. ஆனால் அந்த அறிக்கையின் 97 பரிந்துரைகளில் பர்மிட்டை எடு என்று ஒன்றுகூட இல்லை. போலீஸ்காரர்களின் சங்கமே பர்மிட் இருந்தால்தான் சாராயம் கஞ்சா கடத்துகிறவர்களைத் தடுக்க முடிகிறது என்றது. எங்கள் கிளையில் திருட்டு நடந்தால் ஆடிட் வரட்டும், போலீஸ் வரட்டும். ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் லாக்கர் ரூமைத் திறந்துவிட்டால் திருட்டு நிற்காது.

பிழைப்பு பற்றின கேள்வி இதைவிடக் கஷ்டமானது. 2014-ல் நுலுன்பாயின் அலுமினா ஆலையை மூடினார்கள். ஊர் பாதி காலியாகிவிட்டது என்று மச்சினன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சுற்றுலா வந்தால்தான் கடைகள் ஓடும். கேக்கோடு வந்து திரும்பிப் போகிறவன் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்வான். அது நஷ்டம்தான். நஷ்டப்படுவதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, அதைத் தெரிந்துதான் மூடுகிறார்கள். 2017-ல் குமாட்ஜ் என்ற குலம் தானே சொந்தமாக ஒரு பாக்சைட் சுரங்கம் ஆரம்பித்தது. ஆகவே வருமானம் வேண்டாம் என்கிற சாமியார்கள் இல்லை அவர்கள்.

அதே குலம் போட்ட வழக்கில் 2025 மார்ச்சில் ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது. வழக்கைப் போட்டவர் கலர்வோய் யுனுபிங்கு. 1963-ல் இளைஞனாக அந்த மரப்பட்டை மனுவை எழுத உதவினவர், 1971 வழக்கில் தன் பெரியவர்களுக்கு மொழிபெயர்த்தவர். அரசாங்கம் அவர்கள் நில உரிமையை அழித்தது சொத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், நியாயமான இழப்பீட்டுக்கு இடம் உண்டு என்று தீர்ப்பு. எவ்வளவு என்பது அதில் முடிவாகவில்லை. அவர் 2023 ஏப்ரலில் இறந்துவிட்டார்.

ஒரு கடைசி விஷயம், இது நம்ம சமாச்சாரம். வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே அந்தக் கரைக்கு மக்காசரிலிருந்து, இப்போதைய இந்தோனேசியா, வருஷா வருஷம் படகுகள் வந்தன. கடல் அட்டை பிடிக்க. பருவக்காற்றோடு டிசம்பரில் வந்து, பிடித்து, அவித்து, புகையில் காயவைத்து, சில மாசத்தில் திரும்பிவிடுவார்கள். அரிசி, துணி, கத்தி, புகையிலை கொடுத்து யொல்ங்கு மக்களோடு ஒத்துப்போய் இருந்தார்கள். அவ்வப்போது வெட்டுக்குத்தும் நடந்திருக்கிறது. அவர்களுக்கு இனி லைசென்ஸ் இல்லை என்று 1906 வாக்கில் நிறுத்தியது, அப்போது அந்தப் பகுதியை நிர்வகித்த தென் ஆஸ்திரேலிய அரசு. யொல்ங்கு மக்களைக் கேட்காமல்! ஆக, வர விடுவதும் தடுப்பதும் சொந்தக்காரனுடைய வேலை என்பது அந்த அரசுக்கு 1906-லேயே நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் படகுக்காரர்கள் விட்டுப்போன புளியமரங்கள் இன்னும் அந்தக் கரையில் நிற்கின்றன. பணத்துக்கு யொல்ங்கு மொழியில் என்ன வார்த்தை தெரியுமா? ருப்பியா. நம்ம ரூபாயேதான், மக்காசர் வழியாகப் போயிருக்கிறது.

அன்றைக்குத் திரும்பி வந்து ஊருக்குள் பர்மிட் வேண்டாத ஒரு பார்க்கில் கேக் வெட்டினோம். புளியோதரை ஒரு பருக்கை மிச்சமில்லை.

பி.கு.: போகிறவர்களுக்கு. மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். பர்மிட்டைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், கிளம்புகிற அன்று காலையில் எது மூடியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பர்மிட் இருக்கிறது என்று தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள், முதலைக்கு அதெல்லாம் தெரியாது. மச்சினன் அவனுடைய பர்மிட்டைப் புதுப்பித்துவிட்டான். வாதத்தை மட்டும் விடவில்லை. அடுத்த ஞாயிறு போன் வரும்.